புயலுக்குப் பின் பல்லாயிரம் கோடி, புயலுக்கு முன்?

கீரமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூர். கூட்டம் முடிந்து மேடையை விட்டு நாம் இறங்கிக்கொண்டிருந்தோம். தோளிலே துண்டு, கையிலே தடி, முகத்திலே எழுபது ஆண்டு வெயில் - ஒரு பெரியவர் அருகே வந்தார்.

"தம்பி, பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"கஜா வந்தப்ப எனக்கு நூத்திப்பத்து தென்னை போச்சு. புயல் வருது வருதுன்னு மூணு நாளா ரேடியோவுல சொன்னான், டி.வி.யில சொன்னான். சொல்லி என்ன ஆச்சு? சொன்னதால ஒரு மரமாச்சும் நின்னுச்சா? பெறகு எதுக்கு இந்த ஆராய்ச்சி, அது இதுன்னு கோடி கோடியாச் செலவு?"

மேடையிலே முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசிய நாம், அந்த மூன்று வரிக் கேள்வியின் முன்னே மூச்சு முட்டி நின்றோம். "பதில் சொல்லுகிறோம் ஐயா, எண்ணிப் பார்த்துச் சொல்லுகிறோம்" என்று கூறிவிட்டு வந்தோம். எண்ணிப் பார்த்தோம், ஏடுகளைப் புரட்டினோம், கணக்குப் போட்டோம். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஒரு இரவு

2018 நவம்பர் 16. நள்ளிரவு கடந்த நேரம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிற்று கஜா. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். கரையேறிய புயல் களைத்துப் போகும், கடலோரத்தோடு கதை முடியும் என்றுதான் உள்நாட்டிலே இருந்தவர்கள் எண்ணினர். கதை முடியவில்லை, நம் மாவட்டத்திலேதான் அது தொடர்ந்தது! கறம்பக்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம், ஆலங்குடி, கந்தர்வகோட்டை என்று ஊர் ஊராக நடந்து சென்றது. தென்னை விழுந்தது, பலா விழுந்தது, வாழை விழுந்தது, தேக்கு விழுந்தது. தாக்குண்ட மாவட்டங்களிலே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பது நம் பக்கத்துப் பழமொழி. தென்னையை வைத்தவன், அது விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டிய நிலையை ஒரே இரவிலே ஏற்படுத்திவிட்டது அந்தப் புயல்!

இது ஏதோ வழி தவறி வந்த விருந்தாளியா? இல்லை. 1955 நவம்பர் இறுதியிலே இராஜாமடம் அருகே கரையேறிய புயலைத் தஞ்சைக் கடலோரம் மறக்கவில்லை. 1964 டிசம்பரிலே தனுஷ்கோடி என்ற ஊரையே கடல் விழுங்கிற்று. 1977 நவம்பர் 12-இல் நாகைக்குத் தெற்கே புகுந்த புயல் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை மூன்று மாவட்டங்களையும் முறித்துப் போட்டது. 500-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆக, புயலுக்கு நம் வாயிற்படி தெரியும். நமக்குத்தான் புயலின் வழி தெரியவில்லை!

கூட்டிப் பாருங்கள்!

இப்போது கணக்குக்கு வருவோம்.

கஜா அடித்த பின்னர், அந்நாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி டில்லிக்குச் சென்று, இழப்பைச் சரிக்கட்ட 15,000 கோடி ரூபாய் வேண்டும் என்று பிரதமரிடம் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியிலே தேசியப் பேரிடர் நிதியிலிருந்து டில்லி ஒப்புதல் அளித்த தொகை 1,146 கோடி. கேட்டது மலை, கிடைத்தது மடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வழக்கை இங்கு நாம் விரிக்கப் போவதில்லை. 15,000 கோடி என்ற அந்த எண்ணை மட்டும் மனதிலே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி மறுபக்கம். கடல், வானிலை, பருவநிலை ஆகியவற்றை ஆராய்வதற்கென்று புவி அறிவியல் அமைச்சகம் டில்லியிலே இருக்கிறது. அது நடத்தும் பெருந்திட்டங்கள் மூன்று. 'பிரித்வி' என்பது ஒன்று. 2021 முதல் 2026 வரை ஐந்தாண்டுக்கு 4,797 கோடி. 'ஆழ்கடல் திட்டம்' என்பது இரண்டாவது. 2021-இல் ஒப்புதல் பெற்றது. ஐந்தாண்டுக்கு 4,077 கோடி. 'மிஷன் மௌசம்' என்பது மூன்றாவது. 2024 செப்டம்பரிலே ஒப்புதல். இரண்டாண்டுக்கு 2,000 கோடி.

கூட்டிப் பாருங்கள் தோழர்களே! 10,874 கோடி. குமரி முதல் காஷ்மீர் வரை, வங்கக் கடல் முதல் அரபிக் கடல் வரை, அதற்கும் அப்பால் பனிமலை முதல் தென்துருவம் வரை, எல்லா ஆராய்ச்சிக்குமாக, பல ஆண்டுகளுக்குமாக, மூன்று பெருந்திட்டங்களும் சேர்ந்து 10,874 கோடி. ஒரே ஒரு புயல், ஒரே ஒரு இரவு, ஒரே ஒரு மாநிலத்திலே சில மாவட்டங்கள் - அதற்கு நாம் கேட்ட இழப்பு 15,000 கோடி!

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த அணைக்கு ஒதுக்கியது, வெள்ளம் கொண்டுபோனதைவிடக் குறைவு என்றால், பாடம் படிக்க வேண்டியவர் பிள்ளையா, பாராளுமன்றமா?

சொன்னால் என்ன ஆகும்?

"சொல்லி என்ன ஆச்சு?" என்றாரே பெரியவர், அங்கே வருவோம்.

1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலிலே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் அதே ஒடிசாக் கரைக்கு 'பைலின்' என்ற கடும்புயல் வந்தது. பல நாள் முன்னரே அறிந்தனர். பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினர். மாண்டவர் ஐம்பதுக்கும் குறைவு. பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! கடலின் கோபம் குறைந்துவிட்டதா? இல்லை. காற்றுக்கு இரக்கம் பிறந்துவிட்டதா? இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளிலே செயற்கைக்கோள் வந்தது, ராடார் வந்தது, கணிப்பொறி வந்தது, அவற்றை இயக்கும் அறிவாளர் வந்தனர், சொன்னதைச் செயலாக்கும் நிர்வாகமும் வந்தது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி. குமரிமுனைக்கு அருகே மளமளவென்று வலுத்தது. அது புயலாகிவிட்டது என்ற செய்தி நவம்பர் 30 அன்று வெளிவந்தபோது, தூத்தூர்ப் பக்கத்து மீனவர் பலர் தொலைபேசி எட்டாத் தொலைவிலே, ஆழ்கடலிலே வலை வீசிக்கொண்டிருந்தனர். அறிவிப்புக் கரையிலே, ஆட்கள் கடலிலே! போனவர்களிலே எத்தனையோ பேர் திரும்பவில்லை. 2025 நவம்பரிலே, நம் ஜெகதாப்பட்டினத்துக்கு எதிர்க்கரையான இலங்கையிலே 'டிட்வா' புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும் கண்டோம்.

ஒரு நாள் முன்னதாகச் சரியான எச்சரிக்கை கிடைத்தாலே இழப்பிலே நூற்றுக்கு முப்பது பங்கு குறையும் என்று, பருவநிலைத் தகவமைப்புக்கான உலக ஆணையம் 2019-இல் தன் அறிக்கையிலே கூறிற்று. 15,000 கோடியிலே முப்பது பங்கு எவ்வளவு? 4,500 கோடி! 'பிரித்வி' திட்டத்தின் ஐந்தாண்டுச் செலவை ஒரே இரவிலே ஏறக்குறைய மீட்டிருக்கலாம்.

"மரம் நிற்குமா?" என்பார் பெரியவர். எல்லா மரமும் நிற்காது. பொய் சொல்ல மாட்டோம். ஆனால், புயலுக்கு முன்னே முற்றிய காய்களை வெட்டி, அடிமட்டைகளைக் கழித்து, தலைப்பாரத்தைக் குறைத்தால் தென்னை தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு உயரும் என்பது வேளாண் துறை சொல்லும் முறை. நூற்றுப்பத்து மரத்துக்கு அதைச் செய்ய ஆள் வேண்டும், இரண்டு மூன்று நாள் வேண்டும், "உன் ஊருக்குத்தான் வருகிறது" என்ற உறுதி வேண்டும். கஜாவின்போது கிடைத்த சொல் என்ன? பாம்பனுக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடக்கும் என்பது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரை! அவ்வளவு நீளத்திலே தன் தோப்பு எந்தப் புள்ளி என்று எந்த விவசாயி அறிவான்?

ஆகவே பெரியவர் கேட்ட கேள்வியை நாம் சற்றே திருத்துகிறோம். சொன்னார்கள், ஆனால் அவருக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்குச் சொன்னார்கள், கீரமங்கலத்துக்குச் சொல்லவில்லை!

ஆட்டுக்கல் பெரிது, அரிசி எங்கே?

"குறை கூறுவதே உங்கள் பிழைப்பு" என்று நம்மைச் சாடுவோர் உண்டு. நல்லதை நல்லது என்று கூற நாம் தயங்கியதில்லை. பத்தாண்டுக்கு முன் நாடு முழுவதிலும் 15 டாப்ளர் ராடார்கள், 2023-இல் 39. நல்லது. 2024 செப்டம்பரிலே 850 கோடி ரூபாயில் 'அர்க்கா', 'அருணிகா' என்ற பெருங்கணினிகள் வந்தன. நல்லது. 2025 மே மாதத்திலே, பன்னிரண்டு கிலோமீட்டர்க் கட்டமாகப் பார்த்த வானத்தை ஆறு கிலோமீட்டர்க் கட்டமாகப் பார்க்கும் முறை வந்தது. மிக நல்லது.

ஆனால் கணினி என்பது ஆட்டுக்கல். அரிசி போட்டால்தான் மாவு. அரிசி எது? இந்த ஊரிலே இத்தனை மழை, இந்தக் கடலிலே இத்தனை வெப்பம், இந்த நேரத்திலே இத்தனை காற்று என்று அளந்து தரும் விவரம். ராடார் ஒன்று காரைக்காலிலே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பூமி உருண்டை; ராடாரின் கதிரோ நேர்க்கோட்டை ஒட்டிப் போவது. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போவதற்குள் அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். மேலே மேகம் தெரியும்; கீழே மரத்தை முறிக்கும் காற்று அதன் கண்ணில் படாது. அந்தக் குறையைத் தீர்ப்பது ஊர்தோறும் நிற்கும் மழைமானியும் காற்றுமானியும். கடலிலே மிதக்கும் அளவைமிதவை.

இந்த இடத்திலேதான் டில்லியின் முன்னுரிமை என்ன என்று நாம் கேட்கிறோம். ஆழ்கடல் திட்டத்திலே 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கி. மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழத்துக்குப் போகும். அதை உருவாக்குவது நம் பள்ளிக்கரணையிலே உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். தமிழ் மண்ணிலே உருவாகும் அந்தத் திறமை நமக்குப் பெருமைதான்; போகட்டும், கனிமம் கொண்டுவரட்டும். ஆனால் ஆறாயிரம் மீட்டர் ஆழம் போகத் தெரிந்த அறிவு, ஆறு பாகம் ஆழமே உள்ள பாக் நீரிணையிலே படகு ஓட்டும் கோட்டைப்பட்டினத்து மீனவன் காதுக்குப் போகத் தெரியாதா?

இன்னொன்று கேளுங்கள், கேட்டால் நெஞ்சு கொதிக்கும். வானிலை ஆய்வுத் துறையார், 2018-ஐ ஒட்டி, வேளாண் அறிவியல் நிலையங்களிலே மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் என்று 199 அமைத்தனர். வட்டார அளவிலே வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், அந்தந்த மொழியிலே, "இந்த வாரம் மருந்து தெளிக்காதே, மழை வருகிறது, இந்த வாரம் கடலை பிடுங்கு, வெயில் இருக்கிறது" என்று விவசாயிக்கு எடுத்துச் சொல்லும் வேலை. பெரும் பொறி இல்லை, பெரும் மாளிகை இல்லை. ஓர் அறிவாளர், ஓர் உதவியாளர், ஒரு மேசை. நாம் மேலே கேட்ட அந்தச் சொல், 'உன் ஊருக்கு' என்ற சொல், அந்த மேசையிலிருந்துதான் பிறந்தது. 2024 மார்ச்சோடு 199-ஐயும் மூடினர்! செலவை மிச்சப்படுத்தினராம். அதே ஆண்டு செப்டம்பரிலே 2,000 கோடிக்கு 'மிஷன் மௌசம்'. கோபுரத்துக்குப் பொன் வேய்கிறார்கள். கோவிலுக்குள் போகும் படிக்கட்டைப் பெயர்த்துவிட்டு!

இந்த மூடல் நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அறிவியலால் உயர்ந்த அமெரிக்காவிலேயே 2025-இல் வானிலைப் பணியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் பிரிவையே ஒழித்துவிடலாம் என்று ஆட்சியாளர் வரவு செலவுத் திட்டத்திலே முன்மொழிந்தனர். சீமான் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை வெறுக்கிறான் என்பதற்காக, ஏழை வீட்டுப் பிள்ளை புத்தகத்தைக் கிழிக்கலாமோ?

உழவு இங்கே, வானம் அங்கே!

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். உழவு மாநிலப் பட்டியலிலே. மீன்வளம் மாநிலப் பட்டியலிலே. ஆனால் வானிலை அமைப்புகள்? ஒன்றியப் பட்டியல், 68-ஆம் இனம். அதாவது, உழவனுக்கு நட்டம் வந்தால் பதில் சொல்ல வேண்டியது சென்னை. உழவனுக்கு மழை எப்போது என்று சொல்ல வேண்டியது டில்லி! மின்கம்பம் விழுந்தால் தூக்கி நிறுத்த வேண்டியது மாநிலம். காற்று எந்தப் பக்கம் என்று அளக்கும் நிலையம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்வது ஒன்றியம்!

மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2022-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே வானிலை ராடார்கள், நூறு வானிலை நிலையங்கள், நானூறு தானியங்கி மழைமானிகள் என்று தமிழ்நாடு அறிவித்தது. தேவையான முயற்சி. ஆனால் தன் வீட்டுக் கூரைக்குத் தானே ஓடு வாங்கிப் போட்டுக்கொள்கிற பிள்ளையைப் பார்த்து, "வீட்டுத் திட்டம் என் பெட்டியிலேதான் இருக்கும்" என்று பெரியண்ணன் கூறுவது முறையாகுமா? நிலையம் எங்கே அமைவது, மிதவை எங்கே மிதப்பது, பணம் எதற்கு முதலிலே செல்வது என்பதிலே கடலோர மாநிலங்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறோம். பிச்சையாகக் கேட்கவில்லை, புயலை ஏற்கும் நெஞ்சுக்கு உரிய பங்காகக் கேட்கிறோம்.

நம் வீட்டுக் குப்பை

பிறரைக் கேட்கும் நாம், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

2019 கோடையிலே குடிநீருக்குத் தமிழ்நாடு தவித்தபோது, மழை வேண்டி வேள்வி நடத்தச் சொல்லிக் கோயில்களுக்கு அறநிலையத் துறையிலிருந்தே சுற்றறிக்கை போயிற்று. புகை எழுந்தது, மேகம் எழவில்லை. மழையின் வரவை அறியக் கருவி வேண்டும், மழையின் வரவைத் தாங்கக் கண்மாய் வேண்டும். இரண்டும் இல்லாதவன்தான் நெய்யை நெருப்பிலே ஊற்றுவான். நம் மாவட்டமோ கண்மாய்களின் மாவட்டம். மன்னராட்சியிலே இருந்து 1948-இல் இந்தியாவோடு இணைந்த புதுக்கோட்டைச் சீமையிலே, ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டி வைத்த முன்னோர் வானத்தைக் கும்பிட்டுக் கொண்டு மட்டும் இருக்கவில்லை. வானத்தைக் கணித்து மண்ணை வெட்டினர். நாமோ அந்த வரத்துக்கால்வாய்களிலே வீடு கட்டுகிறோம்!

கடலிலே மிதக்கவிட்ட அளவைமிதவைகள் நிழலிலே மீன் கூடுகிறது என்று அவற்றிலே கயிறு கட்டுவதும், பாகங்களைக் கழற்றுவதும் பல கடற்பகுதிகளிலே நடந்திருக்கிறது. அந்த மிதவை தரும் ஒரு வரிச் செய்தி, கழற்றியவனின் அண்ணன் உயிரைக் காப்பதாக இருக்கலாம். கண்ணைப் பிடுங்கி விற்றுக் கண்ணாடி வாங்குகிற வேலை அது! இதையும் நம் மீனவத் தோழர்களிடம் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பது இதுதான். புதுக்கோட்டை மாவட்டத்திலே ஒன்றியங்கள் பதின்மூன்று. விராலிமலைக்கும் மணமேல்குடிக்கும் வானம் ஒன்றல்ல. பதின்மூன்று ஒன்றியத்துக்கும் தானியங்கி நிலையங்கள் போதிய அளவிலே வேண்டும். பழுதானால் ஒரு வாரத்திலே பழுது பார்க்க ஆளும் வேண்டும். வம்பனிலே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு மேசை, ஓர் அறிவாளர், வட்டார வானிலை சொல்ல நிரந்தரமாக வேண்டும். கடலிலே தொலைபேசி எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்ற சிறு கருவியை 2019-இலேயே அரசு வெளியிட்டது. அந்தக் கருவியோ, அதனினும் மேலான, இருவழிச் செய்தி பேசும் கருவியோ, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கட்டுமாவடிப் படகு ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். நாட்டுப்படகும் அதிலே அடங்க வேண்டும். செய்தி நல்ல தமிழிலே வர வேண்டும், "தாழ்வழுத்த மண்டலம் வடமேற்கு திசையில்" என்று பரீட்சை நடத்தாமல், "நாளை மறுநாள் இரவு உங்கள் ஊரிலே மரம் விழும் காற்று, இன்றே காய் வெட்டுங்கள், மாட்டை அவிழ்த்துவிடுங்கள்" என்று வர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆழ்கடல் திட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. பெருங்கணினியை விற்க வேண்டியதில்லை. பெரியதற்கு ஒதுக்கும்போது சிறியதை வெட்டாமல் இருந்தாலே போதும்.

வங்கத்திலே 1864-இல் பெரும்புயல், பின்னர் பருவமழை பொய்த்த பஞ்சம் - இவ்வளவும் நடந்த பின்னர்தான் 1875-இல் வெள்ளையன் இந்திய வானிலை ஆய்வுத் துறையைத் தொடங்கினான். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போன பின்னர்தான் 2007-இல் ஐதராபாத்திலே எச்சரிக்கை மையம் வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் நாம் பிணங்களால் விலை கொடுத்திருக்கிறோம். அடுத்த கருவிக்காவது பணத்தால் விலை கொடுப்போமே!

கீரமங்கலத்துப் பெரியவரே, உங்களுக்குத் தந்த வாக்கை நிறைவேற்றிவிட்டோம். "சொல்லி என்ன ஆச்சு?" என்றீர்கள். அரைகுறையாகச் சொன்னதற்கே உயிர்கள் ஆயிரமாயிரம் தப்பின. முழுமையாகச் சொல்லியிருந்தால் உங்கள் தோப்பிலே பத்து மரமாவது நின்றிருக்கும். கஜாவுக்குப் பின் நீங்கள் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கும் பருவத்திலே நிற்கின்றன. அடுத்த புயல் அவற்றைத் தேடி வருமுன்னே, வானிலைச் செய்தி உங்கள் வரப்புக்கு வந்து சேர வேண்டும். அதற்கான காசு இன்றைக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

புயலுக்குப் பின் கோடி கோடியாகக் கேட்டு ஓய்ந்த குரல் இது. இனி புயலுக்கு முன்னே கேட்போம்!